சூடு போடாத மாடு

போன மாதம் பதுளைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை முதலாளியின் மோட்டார் காரை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் அது அகப்பட்டுவிட்டது. பண்டாரவளைக்குப் போகும் பாதையில் எண்ணெய் தீர்ந்து நின்றதாம். பின்னால் மாட்டியிருக்கும் பலகையில் எண் இருக்கிறதே, அதைப் பார்த்து யாருடையது என்று தெரிந்துகொண்டு ஆள் அனுப்பினார்களாம். கடைத்தெருவில் இரண்டு நாளைக்கு இதே பேச்சு. வெற்றிலைக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒருவர் கேட்டார்.

“பெரியவரே, நீங்க அந்தக் காலத்துல வண்டி ஓட்டினவராச்சே. உங்க வண்டி களவு போயிருக்கா?”

“போயிருக்கு.”

“அப்ப என்ன பண்ணீங்க?”

“பண்ணக் கூடாததை எல்லாம் பண்ணினேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றிய பிறகும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. என் மனைவி காலமாகி இந்த மாசியோடு மூன்று வருடம் ஆகிறது. அந்தக் களவில் அவளிடம் நான் சொல்லாமல் மறைத்தது ஒன்று இருக்கிறது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். தேவாரம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்தது. அங்கே இறங்கும் அரிசி மூட்டைகளை ஏற்றி, பதுளைக் கடைகளுக்கும் பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கொண்டு போய் இறக்குவோம். திரும்பும்போது தேயிலைப் பெட்டிகள் வரும். என்னிடம் ஒரு இரட்டை மாட்டு வண்டி இருந்தது. கீற்று வேய்ந்த கூண்டு. மாடுகளில் ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. சிவப்பை வளர்ந்த மாடாக வாங்கினேன். அதன் தொடையில் பழைய சொந்தக்காரர் போட்ட சூடு இருந்தது. எங்கள் பக்கத்தில் மாட்டுக் களவு அதிகம் என்பதால் மாடு வைத்திருக்கிறவர்கள் இரும்பைக் காய்ச்சித் தொடையில் எழுத்துப் போட்டு வைப்பார்கள். அந்த எழுத்தைச் சொல்லித்தான் ஊர்த் தலைமைக்காரர் மாட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார். விற்பதானாலும் வாங்குவதானாலும் அந்தச் சீட்டுக் கைமாற வேண்டும்.

வெள்ளைக்கு நாங்கள் சூடு போடவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பெண். நாலு வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்து பதினோரு நாள் கண் திறக்கவில்லை. மருந்தும் கொடுத்தோம், மந்திரமும் கேட்டோம். பன்னிரண்டாம் நாள் காலையில் என் மனைவி தலை குளித்துவிட்டு ஈரச் சேலையோடு கொட்டிலுக்குப் போனாள். அங்கே அப்போதுதான் வாங்கி வந்திருந்த வெள்ளைக் கன்று நின்றது. அதன் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டி, கதிர்காமம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“கதிர்காமத்துச் சாமி, எம்புள்ளைய எழுப்பி விடு. இந்தக் கன்னு உனக்கு. இவளுக்குப் பன்னெண்டு வயசு ஆகிற வருசம் ஆடிக்குக் கூட்டியாந்து உன் வாசல்ல விட்டுடுறோம். அதுவரைக்கும் எங்களுக்கு உழைச்சுச் சோறு போடட்டும். உழைச்ச மாடாத்தான் உங்கிட்ட வரும். சும்மா வராது.”

பிள்ளை பிழைத்தாள். நடந்ததைத்தான் எழுதுகிறேன். வேறு யாரும் வேறு காரணம் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

அன்று முதல் வெள்ளையை ‘நம்ம மாடு’ என்று சொல்ல அவள் விட்டதில்லை. நான் வாய் தவறிச் சொன்னால் அடுப்படியில் இருந்தே குரல் வரும். “நம்ம மாடு இல்லங்க. சாமி மாடு. நம்மகிட்ட நிக்குது, அவ்வளவுதான்.” வண்டியில் பூட்டும்போது அதன் தலையைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் பூட்டுவேன். சாட்டை அதன் மேல் பட்டதில்லை. சாமிக்கு என்று நேர்ந்த உடம்பில் இரும்பைக் காய்ச்சி வைக்க எப்படி மனம் வரும்?

என் கூட்டாளி ஒருவர் இருந்தார். அவரும் வண்டிக்காரர். பண்டாரவளைப் பாதையில் அவர் வண்டியும் என் வண்டியும் முன்னும் பின்னுமாகப் போகும். உறவு கிடையாது, ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லிக் கேலி செய்வார்.

“ஏன் மச்சான், சாமி மாட்டுக்குச் சூடு வேணாம், சரி. காவலுக்குச் சாமி வந்து கொட்டில்ல படுக்குமா?”

“படுக்கும்ண்ணே,” என்பாள் என் மனைவி. “நீங்க போயி உங்க மாட்டைப் பாருங்க. போன வாரம் அது தானா கயித்தை அவுத்துக்கிட்டுப் போயி, பங்களாத் தோட்டத்துல கோசு தின்னுச்சாமே.”

அவர் சிரித்துக்கொண்டே வெற்றிலையை வாயில் போடுவார்.

பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. வருகிற ஆடிக்கு நேர்த்திக்கடனைக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடைத்தெருவில் மூட்டைகளை இறக்கிவிட்டு, ஆற்றில் மாடுகளைக் குளிப்பாட்டி, இரண்டுக்கும் நெற்றியில் திருநீறு பூசினேன். வெள்ளிக்கிழமையானால் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அடுத்த பாரம் ஏற்றுவது என் வழக்கம். நான் போகும்போது கூட்டாளி வண்டியைப் பார்த்துக்கொள்வார். அன்று அவர் பூனாகலைக்குப் பாரம் கொண்டு போயிருந்தார். வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒருவர் குந்தியிருந்தார். முன்பின் பார்த்த ஆளில்லை. ஆனால் நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். கதிர்காமம் போய்த் திரும்புகிறவராக இருக்கும் என்று எண்ணினேன்.

“அண்ணே, கோயிலுக்குப் போயிட்டு வந்துர்றேன். வண்டியைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?”

“இது ஒரு வேலையா தம்பி. போயிட்டு வாங்க. எனக்கும் சேத்துக் கும்புடுங்க.”

அவருக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன். முகம் தெரியாத அந்த மனிதர் நல்லாயிருக்க வேண்டும் என்று சந்நிதியில் நின்று கேட்டேன். பிரசாதத்தை அவருக்கும் ஒரு பங்கு இலையில் வாங்கிக்கொண்டு வந்தேன். வண்டியும் இல்லை, மாடும் இல்லை, அவரும் இல்லை. இலையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அக்கம்பக்கத்தில் கேட்டேன். ஒருவரும் கவனித்திருக்கவில்லை. பகலில் ஒருவன் வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் அது அவன் வண்டி என்றுதானே நினைப்பார்கள்.

வண்டியைப் பறிகொடுத்தவன் முதலில் போலீசுக்குப் போக வேண்டும். அதற்கு முன்பே பாதையில் வருகிற வண்டிக்காரர் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்ப வேண்டும். வண்டிக்காரர் வாயிலே போகிற செய்தி மாட்டை விட வேகமாகப் போகும். இது எனக்குத் தெரியாதது அல்ல. பிறருக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் என் தலையில் விழுந்தபோது கால் வீட்டுக்குத்தான் போனது.

என் மனைவி அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “வெள்ளையுமா?”

பிறகு பெண்ணைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். “மை பாக்குறவருகிட்ட போங்க. இப்பவே போங்க. ஆடிக்கு ஆறு மாசங்கூட இல்ல.”

அவள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், கூலி ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில் ஒருவர் வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பார். அன்றே நடந்து போனேன். அவர் வெகுநேரம் வெற்றிலையையே பார்த்துவிட்டுச் சொன்னார். “கிழக்க போயிருக்கு. தண்ணி தெரியுது. பக்கத்துல ஒரு பெரிய மரம் நிக்குது. வெரசாப் போனா மாட்டைப் பாக்கலாம்.”

நான் கிழக்கே, பசறைப் பாதையில் போனேன். இரண்டு நாள். தண்ணீரைக் கண்ட இடமெல்லாம் இறங்கிப் பார்த்தேன். மரத்தைக் கண்ட இடமெல்லாம் விசாரித்தேன். மூன்றாம் நாள் காலில் கொப்புளத்தோடு திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் என் வண்டி நின்றது. பக்கத்தில் சிவப்பு மாடு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. கூட்டாளி கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்.

“மேக்க கெடந்துச்சு மச்சான், வெலிமடைப் பக்கம் திரும்புற பாதையில. நான் பூனாகலையில இருந்து எறங்கி வரும்போது இன்னொரு வண்டிக்காரன் சொன்னான். வண்டியைப் பள்ளத்துல தள்ளி விட்டுட்டு, செவப்பை அவுத்து விட்டுட்டுப் போயிருக்கான். நீ எங்க போனே?”

சொன்னேன்.

“தண்ணியும் மரமுமா? இந்தச் சீமையில எந்தப் பக்கம் போனா தண்ணியும் மரமும் இல்ல, சொல்லு. அந்த ரெண்டு நாளும் நீ வெலிமடைப் பாதையில நின்னிருந்தா...” என்று தொடங்கியவர், என் மனைவி கதவோரம் நிற்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சிவப்பை ஏன் விட்டான் என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதன் தொடையில் எழுத்து இருந்தது. எழுத்து இல்லாததை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் போலீசு டேசனுக்குப் போனேன். அங்கே இருந்த ஐயா காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“மாட்டுல என்ன குறி?”

“குறி இல்லீங்க.”

“அடையாளம்?”

“வெள்ளைங்க. இடது கொம்பு கொஞ்சம் உள்ளே வளைஞ்சிருக்கும். நெத்தியில துண்ணூறு பூசியிருந்தேங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “துண்ணூறு இன்னமும் இருக்குமா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சிவப்போடு சேர்த்துப் பூட்ட ஒரு மாட்டைக் கூட்டாளி கொஞ்ச நாளைக்குக் கொடுத்து உதவினார். பாரம் ஏற்றிக்கொண்டே மூன்று மாதம் தேடினேன். எங்கே வெள்ளை மாட்டைக் கண்டாலும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்ப்பேன். வீட்டிலே என் மனைவி பெண்ணை வெயிலில் விடவில்லை, மழையில் விடவில்லை. தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெள்ளிதோறும் விரதம் இருந்தாள். நான் வாசலில் கால் வைத்ததும் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு எதுவும் கேட்காமல் கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைப்பாள்.

சித்திரையில் ஒரு நாள் வெலிமடைச் சந்தைக்கு ஒரு பாரம் கிடைத்தது. கூட்டாளியும் வண்டி கொண்டு வந்தார். சந்தைக்கு வெளியே கோசும் கிழங்கும் ஏற்றிய ஒற்றை மாட்டு வண்டி ஒன்று நின்றது. அதில் பூட்டியிருந்தது வெள்ளை. இளைத்திருந்தது. கொம்பு நுனி இரண்டையும் அறுத்திருந்தார்கள். தொடையில் புதிதாக ஒரு சூடு, இன்னும் முழுதும் ஆறவில்லை. நான் பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன். உள்ளங்கையை நக்கியது. பிறகு எப்போதும் செய்கிற மாதிரி தலையைக் குனிந்து என் அக்குளுக்குள் முட்டிக்கொண்டு நின்றது. அந்த ஆறாத புண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. எந்த இரும்பு படக் கூடாது என்று எட்டு வருடம் காத்தோமோ, அது பட்டுவிட்டது.

அந்த வண்டியின் சொந்தக்காரர் ஓடி வந்தார். மெலிந்த மனிதர், சிங்களவர், பக்கத்துக் கிராமத்தில் காய்கறி போடுகிறவர். சத்தம் வளர்ந்து கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ ஓடிப்போய் ஆராச்சியை அழைத்து வந்தார்கள். ஆராச்சி என்பவர் அந்த ஊர்த் தலைமைக்காரர். நாற்பது வயது இருக்கும். பேச்சு சிங்களத்தில் நடந்தது. எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

அவர் முதலில் கேட்டது இதுதான். “மாட்டுக்குச் சூடு போட்டிருந்தீங்களா?”

“இல்லீங்க.”

“சீட்டு?”

“எழுத்து இல்லாததால சீட்டு எடுக்கலீங்க.”

காய்கறிக்காரர் மடியில் இருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். வேறு ஊரில் எழுதிய சீட்டு. கள்வன் எப்படியோ வாங்கியிருக்கிறான். “நான் நாலு பேருக்கு முன்னால வாங்கினேன், ஐயா,” என்றார் அவர். “இந்த ஆள் இன்னைக்கு வந்து அழுறார். நாளைக்கு வேற ஒருத்தர் வந்து அழுதா நான் யாருக்குன்னு குடுக்கிறது?”

ஆராச்சி சீட்டைப் படித்தார். பிறகு என்னையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மாடு இன்னமும் என் பக்கமே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் நியாயமான மனிதர். இதை நான் அழுத்தி எழுத வேண்டும்.

“காகிதப்படி மாடு அவருது,” என்றார். “ஆனா என் கண்ணுக்கு வேற மாதிரித் தெரியுது. ரெண்டு பேரும் கும்பிடுற சாமி ஒண்ணுதானே.” சந்தையின் ஓரத்தில் மரத்தடியில் கதிர்காமத்துச் சாமிக்கு ஒரு வேல் நட்டு வைத்திருந்தார்கள். அங்கே கையைக் காட்டினார். “கற்பூரம் ஏத்தி, சாமி பேரால ‘இது என் மாடு, இதுக்கு வேற உடையவன் இல்லை’ன்னு சொல்லிக் கையால அணைச்சிடுங்க. மாட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. இவருக்கு வித்தவனை நான் தேடிக்கிறேன்.”

காய்கறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சாமி பேரைச் சொன்ன பிறகு அவராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

கூட்டாளி கற்பூரம் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். வேலுக்கு முன்னால் கல்லின் மேல் வைத்து அவரே ஏற்றினார். “சொல்லு மச்சான். சொல்லிட்டு அணை. சட்டுனு.”

நான் கையைத் தூக்கினேன். சுடர் நின்று எரிந்தது. வாயைத் திறந்தேன். ‘இது’ என்பது வரைக்கும் வந்தது.

அதற்கு மேல் வரவில்லை. எட்டு வருடமாக அடுப்படியில் இருந்து கேட்ட குரல் அப்போது கேட்டது. நம்ம மாடு இல்லங்க. சாமி மாடு. அந்தச் சாமியின் வேலுக்கு முன்னாலேயே, அந்தச் சாமி பேராலேயே, இதுக்கு வேற உடையவன் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? சொல்லிவிட்டு அணைத்தால் அந்தப் பொய் யார் தலையில் போய் விழும்? எனக்குத் தோன்றியது ஒரு முகம்தான். என் பெண்ணின் முகம்.

“ஐயா,” என்றேன், “இது என் மாடு இல்லீங்க. சாமிக்கு நேர்ந்தது. என்கிட்ட இருந்துச்சு.”

கூட்டத்தில் ஒருவர் பலமாகச் சிரித்தார். “என் மாடு இல்லைன்னு அவரே சொல்லிட்டாரு. சாமி மாடுன்னா சாமி வந்து கேக்கட்டும். நம்ம ஆராச்சி குடுத்துருவாரு.” இன்னும் நாலு பேர் சிரித்தார்கள்.

ஆராச்சி சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க,” என்றார். காத்திருந்தார். கற்பூரம் கல்லின் மேல் கரைந்து, கறுத்து, தானாக அணைந்தது. அதற்குப் பிறகு அவர் சீட்டைக் காய்கறிக்காரர் கையில் கொடுத்தார். வேறு என்ன செய்வார்?

வண்டி நகரும்போது காய்கறிக்காரர் என்னிடம் வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. “நானும் வருசா வருசம் ஆடிக்குக் கதிர்காமம் நடந்து போறவன்தான். இந்த ஒரு மாட்டை விட்டா எனக்கு வேற வழி இல்லை. ஆனா ஆடிக்கு இதைக் கூட்டிக்கிட்டு வரேன். ஆத்துல குளிப்பாட்டிச் சாமி வாசல்ல நிறுத்திட்டுத் திருப்பிக் கூட்டிட்டுப் போறேன். என்னால அவ்வளவுதான் முடியும்.”

பண்டாரவளை நெருங்கும்போது கூட்டாளி சொன்னார். “ஒரு வார்த்தை மச்சான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட்டியாந்து சாமிகிட்டயே விட்டிருக்கலாம். சாமிக்குத் தெரியாதா?”

அதை நான் அப்போது நினைக்கவில்லை. இன்று வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் என் மனைவி கேட்டபோது, “மாட்டைப் பாத்தேன். அவன்கிட்ட சீட்டு இருந்துச்சு. ஆராச்சி அவனுக்கே குடுத்துட்டாரு. ஆடிக்குக் கதிர்காமத்துக்குக் கூட்டியாரேன்னு சொன்னான்,” என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. சத்தியம் கேட்டதையும் நான் அணைக்காமல் நின்றதையும் மட்டும் விட்டுவிட்டேன். அவளை நோகடிக்க வேண்டாம் என்று விட்டேனா, எனக்குப் பயமாக இருந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கூட்டாளியும் அவளிடம் சொல்லவில்லை. அவர் சாகும் வரை சொல்லவில்லை.

ஆடியில் மூன்று பேரும் கதிர்காமத்துக்கு நடந்தோம். திருவிழா முடியும் வரை மாணிக்க கங்கைக் கரையில் இருந்தோம். மாடு ஓட்டி வருகிற ஒவ்வொருவரையும் என் மனைவி எழுந்து போய்ப் பார்த்தாள். “இது இல்ல,” என்று திரும்பி வந்து உட்காருவாள். காய்கறிக்காரர் வரவே இல்லை. அவருக்கு உடம்பு முடியாமல் போயிருக்கலாம், மாட்டுக்கு ஏதாவது ஆகியிருக்கலாம். மனம் மாறினார் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

கடைசி நாள் தீர்த்தம் முடிந்ததும் என் மனைவி மடியில் இருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். வெள்ளைக்கு முதல் முதல் மூக்குக் குத்தியபோது போட்ட மூக்கணாங்கயிறு. மாற்றிய பிறகும் எடுத்து வைத்திருந்திருக்கிறாள், எனக்கே தெரியாது. அதைக் கரையில் இருந்த ஒரு மரத்துக் கிளையில் கட்டினாள். பெண்ணை அதன் கீழே நிறுத்தி விழுந்து கும்பிடச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நாங்க ஏமாத்தல சாமி. அந்த ஆராச்சிதான் உன் பொருளை எடுத்து அடுத்தவனுக்குக் குடுத்தான். அவனைக் கேளு. எம்புள்ளையக் கேக்காத.”

நான் பக்கத்தில் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

பெண் நன்றாக வளர்ந்தாள். பூனாகலையில் கட்டிக்கொடுத்தோம். பிள்ளைகள் இருக்கிறார்கள், சாமி புண்ணியத்தில் எல்லோரும் சுகம். ஆனால் என் மனைவி ஒரு நாளும் நிம்மதியாக இருந்ததில்லை. பெண்ணுக்குத் தலைவலி என்று ஆள் வந்து சொன்னால் போதும், இவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஒவ்வொரு பேறுகாலத்திலும் பாதி உயிராகிவிடுவாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டு முடித்ததும், கடைசியில் முணுமுணுப்பாக ஒன்று சொல்வாள். அந்த ஆராச்சியைக் கேளு சாமி. இருபது வருடத்துக்கு மேல், ஒரு வெள்ளி தவறாமல் சொன்னாள். சுவாமிக்கு முன்னால் சொல்லும் அந்தச் சொல்லைப் பக்கத்தில் கைகூப்பி நின்று நானும் கேட்டேன். பக்தியுள்ள மனுசன் என்று கடைத்தெருவில் எனக்குப் பேர்.

கடைசியாக அவள் படுக்கையில் விழுந்தபோது ஒரு சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“புள்ள, வெலிமடையில அன்னைக்கு...” என்று தொடங்கினேன்.

“அந்தப் பேச்சை எடுக்காதீங்க,” என்றாள். “நீங்க தேடாத இடம் இல்ல. உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல.”

அந்தக் கற்பூரத்துக்கு முன்னால் நின்ற மாதிரியே நின்றுவிட்டேன். நாலு நாளில் போய்விட்டாள்.

கருமாதி முடிந்து நாற்பது நாள் கழித்து நான் வெலிமடைக்குப் போனேன். ஆராச்சி உயிரோடு இருந்தார். வேலையை விட்டு வெகுநாளாகிவிட்டதாம். கண் சரியாகத் தெரியவில்லை. முற்றத்தில் வெயிலுக்காக உட்கார்ந்திருந்தார். நான் போய் அவர் காலைத் தொட்டேன். பதறிப்போனார்.

“யாரு? எதுக்கு இதெல்லாம்? முதல்ல உக்காருங்க.”

எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை மாடு, சந்தை, வேல், கற்பூரம், அணைக்காமல் நின்றது. என் வீட்டில் வெள்ளிதோறும் அவர் பேரில் விழுந்த சொல்லையும் மறைக்காமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டு எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வரச் சொன்னார். வெகுநேரம் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

“ஞாபகம் வரலையே,” என்றார். “எத்தனையோ மாட்டு வழக்கு வந்துச்சு. எவ்வளவோ பேர் வந்து அழுதாங்க. எல்லாம் ஒண்ணு போல இருக்கு.”

மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வரலாம் என்று போனேன். நினைவில் இல்லாததை மனிதர் எப்படி மன்னிப்பார்? பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பழைய வழக்கத்தில், என் பக்கமாகக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“மாட்டுக்குச் சூடு போட்டிருந்தீங்களா?”

“இல்லீங்க,” என்றேன்.